இடைவிடாமல்

என் தம்பி மருதாசலம் பதினான்கு மாதம் நாடி இல்லாமல் உயிரோடு இருந்தான். அவன் மணிக்கட்டை யார் பிடித்துப் பார்த்தாலும் ஒன்றும் தட்டுப்படாது. ஒரு முறை காய்ச்சல் என்று கோயம்புத்தூர் கணபதியில் ஒரு சின்ன கிளினிக்குக்குப் போனான். அங்கிருந்த நர்ஸ் பெண் தேடித் தேடிப் பார்த்துவிட்டு வெளிறிப்போய் நின்றதை வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டினான். "நான் செத்து ஒரு வருசம் ஆச்சு கண்ணு, மாத்திரை வாங்கத்தான் வந்தேன்னு சொன்னேன்க்கா. ஊசியக் கீழ போட்டுட்டு ஓடிப்போயிருச்சு" என்றான். நான் சிரிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டான்.

ஊர் ஊருக்குக் கிணற்று மோட்டார் செய்து அனுப்பிய கோயம்புத்தூர், கடைசியில் நெஞ்சுக்கும் ஒரு பம்ப் செய்தது. கட்டைவிரல் அளவுதான். தசை தளர்ந்துபோன இதயத்தோடு அதைப் பொருத்திவிட்டால் அது ரத்தத்தை இழுத்து உடம்புக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். கிணற்று மோட்டார் விட்டு விட்டா இறைக்கிறது? அதே போல இதுவும் ஒரே சீராக ஓடும். அதனால்தான் துடிப்பு இல்லை, நாடியும் இல்லை.

பம்ப்பைச் செய்தது வேறு ஆட்கள். அதை ஓட்டும் மின்கலம் என்னுடையது. நான் தமயந்தி. பீளமேட்டில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் இருபது வருடமாக மெல்லிய தாள்களோடு மாரடிப்பவள். டைட்டானியமும் கார்பனும் சேர்ந்த தாள், ஒரு சில அணுக்கள்தான் தடிமன். நீளம் உண்டு, அகலம் உண்டு, உயரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அப்படி லட்சக்கணக்கான தாள்களை அடுக்கி, இடுக்குகளில் மின்னேற்றத்தை நிரப்பினால் ஒரு நிமிடத்தில் நிரம்பும், ஒரு நாள் முழுக்கத் தாங்கும். பழைய பம்ப்புகளுக்கு வயிற்றைத் துளைத்து வெளியே வரும் ஒயர் வேண்டும். அந்த ஓட்டையில் சீழ் பிடித்தே பலர் செத்தார்கள். எங்களுடையதற்கு ஒயரே கிடையாது. காலையில் ஒரு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டால் தோல் வழியாகவே மின்னேற்றம் ஆகிவிடும். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். அனுமதிப் படிவத்தில் என் கையெழுத்துக்கு மேலே ஒரு வரி இருக்கிறது: 'மூன்று ஆண்டுகள் இடைவிடாமல் ஓட்டிச் சோதிக்கப்பட்டது.' அந்தப் படிவத்தை நம்பி ஒன்பது பேர் நெஞ்சைத் திறக்கக் கொடுத்தார்கள். ஒன்பதில் ஒருவன் என் தம்பி.

பதினான்காவது மாதத்தில் பெரியநாயகம் செத்தார். பொள்ளாச்சிக்காரர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் சொல்லிவிட்டு உட்கார்ந்தவர், பன் வருவதற்குள் மேசை மேலேயே சாய்ந்துவிட்டார். ஜாக்கெட் அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். கலம் எவ்வளவு மின்னேற்றம் பிடிக்கிறது என்று அது ஒரு எண்ணில் சொல்லும். புதுக் கலத்துக்கு எண் நூறு; ஐந்துக்குக் கீழே போனால் பம்ப் நிற்கும். கடைசி ஒரு மாதமாக அவர் எண் மளமளவென்று இறங்கியிருந்தது. அன்று காலை பன்னிரண்டு. அடுத்த ஒரு மணி நேரத்தில் பூஜ்யம்.

மற்ற எட்டுப் பேரின் எண்களையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாமே இறங்கிக்கொண்டிருந்தன. மருதாசலத்துக்கு முப்பத்தொன்று.

"கலத்த மட்டும் மாத்திர முடியாதா?" என்று டாக்டர் நஸீமாவிடம் கேட்டேன். ஒன்பது பேருக்கும் பம்ப் வைத்தவர் அவர்தான்.

"மாத்தணும்னா திரும்ப நெஞ்சத் திறக்கணும் தமயந்தி. இந்த நிலைமையில பத்துப் பேரத் திறந்தா ஒருத்தர் பிழைப்பாங்க. அதுவும் உங்க புதுக் கலம் அதே மாதிரி போகாதுன்னு என்ன நிச்சயம்?"

ஒன்று மட்டும் எனக்குப் புரியவே இல்லை. அதே தொகுதியில், அதே நாளில் செய்த கலங்கள் ஆறு, எங்கள் கூடத்தில் உடம்புச் சூட்டுத் தொட்டியில் ஐந்தாவது வருடமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் எண் தொண்ணூற்றாறு. ஒரே வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று குண்டுக்கல்லாக இருக்க, மற்றது ஏன் சாக வேண்டும்?

கூடத்தில் எந்திரங்களைப் பார்த்துக்கொள்வது சூசைராஜ். என்னைவிட ஏழு வருடம் சீனியர். ஒரு திருகாணி தொலைந்தாலும் தேடி எடுக்காமல் வீட்டுக்குப் போகமாட்டார். அந்த மனிதரைப் பிடித்துக் கத்தினேன்.

"உண்மையச் சொல்லுங்க. கலத்த மாத்தி வெச்சீங்களா? எண்ணத் திருத்துனீங்களா?"

"ஏனுங்க மேடம் இப்படிக் கேக்கறீங்? என் கையால ஒண்ணும் மாத்தலீங்க." சோதனை நோட்டை எடுத்து நீட்டினார். "நோட்டுல இருக்கு, பாருங்."

நோட்டையும் பார்த்தேன், கணினி வரைந்த கோட்டையும் பார்த்தேன். ஏற்றி இறக்கிய சுற்றுகளின் எண்ணிக்கை கீழே வரிசையாக ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று, முப்பதாயிரம். எங்கும் ஒரு விக்கல்கூட இல்லை. மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். அந்த வாரத்தில் இரண்டாவது ஆள் செத்தார். அதற்கடுத்த வாரம் மூன்றாவது.

மருதாசலம் என்னைத் தேடிக் கூடத்துக்கே வந்துவிட்டான். வீட்டில் அம்மா இல்லை, அப்பா இல்லை, அவனுக்குக் கல்யாணமும் ஆகவில்லை. நான் கட்டிக்கொண்டவரைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. ஆகமொத்தம் எனக்கு அவன், அவனுக்கு நான். லேத் பட்டறை வைத்திருந்தான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கி அதில் இரண்டு பங்கு தப்பினாலும் துண்டைத் தூக்கி எறிகிற ஆள்.

"எண்ணு இருபத்திரெண்டுக்கா" என்றான் ஜாக்கெட்டைத் தட்டிக்காட்டி. "ரெண்டு நாளா சோறு தின்னியா நீ?"

"என் சோத்தப் பத்தி நீ பேசாத. உட்காரு."

"என்னதான் ஆகுது உள்ள? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

சொன்னேன். தாளுக்கும் தாளுக்கும் நடுவே ஒரே ஒரு அடுக்குத் தண்ணீர் இருக்கும், அந்த வழியாகத்தான் மின்னேற்றம் போய் வரும். போய் வரப் போய் வர ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடுகிறது. தண்ணீர் வெளியே தள்ளப்படுகிறது. கடைசியில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிக்கொண்டால் இடுக்கு இல்லை, இடுக்கு இல்லாவிட்டால் மின்சாரத்துக்கு இடமில்லை.

"ஓ, ஸ்லிப் கேஜ் மாதிரி" என்றான் உடனே. பட்டறைக்காரர்கள் அளவு பார்க்க வைத்திருக்கும் இரும்புக் கட்டைகள் அவை. கண்ணாடி போல வழவழப்பாக இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றைத் தேய்த்து வைத்தால் பசை இல்லாமலே ஒட்டும். "அது வேலை முடிஞ்சா பிரிச்சு, துடைச்சு, எண்ணெய் தடவி, பெட்டியில வெச்சுப்போடணும்க்கா. ஒட்டினது ஒட்டினபடி விட்டா பொறவு ஆனையக் கட்டி இழுத்தாலும் வராது. உன் தாளுக்கெல்லாம் ரெஸ்ட்டே கிடையாதா?"

"நெஞ்சுக்கு எங்கடா ரெஸ்ட்? மூணு வருசம் இங்க இடைவிடாம ஓட்டிப் பாத்துத்தானே குடுத்தோம்."

அவன் எழுந்து சோதனை எந்திரத்தைச் சுற்றி வந்தான். அதன் பக்கவாட்டில் காய்ந்து உதிரப்போகிற சந்தனப் பொட்டு ஒன்று இருந்தது. நகத்தால் சுரண்டினான்.

"ஆயுத பூஜைக்கு இதையும் நிறுத்துவீங்களா, சூசையண்ணா?"

"பின்ன நிறுத்தாம? ஓடற மெசினுக்கு எப்படிங்க பொட்டு வெக்கறது?" என்றார் சூசைராஜ். "நான் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவன்தான். ஆனா இருபத்தேழு வருசமா இங்க மெசினுக்குச் சந்தனம் வெக்கறது நானுங்க."

"எத்தனை நேரம் நிக்கும்?"

"முதல் நாள் மத்தியானம் நிறுத்தினா, விஜயதசமி அன்னிக்குக் காலையில நல்ல நேரம் பாத்துப் போடுவோம். ஷாக் அடிச்சுரக் கூடாதுன்னு கலத்தோட ரெண்டு முனையையும் கம்பி போட்டு இணைச்சு, சுத்தமா இறக்கி வெச்சுருவனுங்க."

"நோட்டுல எழுதலியே?" என்றேன்.

"நோட்டே பூஜையில இருக்குமேங்க. சரஸ்வதி பூஜையன்னிக்கு யாருங்க எழுதுவாங்க?"

கணினி சுற்றுகளைத்தான் எண்ணியது, நாட்களை எண்ணவில்லை. நிறுத்தும் முன் ஓடிய சுற்றுக்கும் போட்ட பின் ஓடிய சுற்றுக்கும் நடுவே நாற்பது மணி நேரம் காணாமல் போயிருந்தது, மூன்று வருடமும். அதை ஒளித்து வைத்தது யாரும் இல்லை. மூன்று பூஜைக்கும் நான் அங்கேதான் இருந்தேன். எந்திரங்களுக்குப் பக்கத்தில் நின்று பொரியும் கடலையும் தின்றுவிட்டு, வீட்டுக்கும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு போனேன். அதற்கப்புறம் வந்து உட்கார்ந்து, 'இடைவிடாமல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பூஜைக்கு நிறுத்துவதை நிறுத்தம் என்று யார் நினைத்தது? ஞாயிற்றுக்கிழமை போல அது வந்தது, போனது. தலையில் அடித்துக்கொண்டேன். மூன்று பேரைக் கொன்றிருந்தேன்.

"அழுவாதக்கா" என்றான் மருதாசலம். "காரணம் தெரிஞ்சுபோச்சுல்ல. ரெஸ்ட்டு விட்டாச் சரியாயிரும்."

பெரியநாயகத்தின் உடம்பிலிருந்து எடுத்த கலம் எங்களிடம் இருந்தது. முனைகளை இணைத்துப் போட்டு மணிக்கு ஒரு முறை அளந்தோம். மூன்றாம் மணிவரை அசைவில்லை. ஆறாம் மணியில் நாற்பது. பதினோராம் மணியில் தொண்ணூறு. செத்தவரின் கலம் பிழைத்துக்கொண்டது. சூசைராஜ் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஆனால் உயிரோடு இருப்பவருக்குப் பதினொரு மணி நேரம் பம்ப்பை நிறுத்துவது எப்படி? நஸீமாவிடம் ஓடினேன். உடம்புக்கு வெளியே வைத்து ரத்தத்தை ஓட்டும் பெரிய எந்திரம் ஆஸ்பத்திரியில் ஒன்று இருந்தது. தொடையிலும் கழுத்திலும் குழாய் செருகி ஆளை அதில் இணைத்துவிட்டு, ஜாக்கெட்டில் இருக்கும் சுவிட்சால் பம்ப்பை நிறுத்தி, கலத்தை முழுக்க இறக்கலாம்.

"ஒண்ணே ஒண்ணுதானா?"

"ஒண்ணே ஒண்ணு. சென்னை, மதுரை எல்லாம் கேட்டாச்சு. எல்லாத்துலயும் ஆள் இருக்காங்க. அவங்களக் கழட்டிட்டா நமக்குத் தருவாங்க?" நஸீமா விரல்விட்டு எண்ணினார். "இணைக்கணும், பதினொரு மணி நேரம், அப்புறம் பிரிச்சு, குழாயெல்லாம் மாத்தி, அடுத்த ஆள். ஒருத்தருக்கு ரெண்டு நாள். ஆறு பேர் இருக்காங்க. யார் எண் குறைவோ அவங்க முதல்ல. வேற நியாயம் எனக்குத் தெரியாது."

ஆறு பேரையும் ஒரே வார்டில் படுக்க வைத்தார்கள். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. காலையும் மாலையும் ஆறு ஜாக்கெட்டுகளின் எண்ணையும் என் மடிக்கணினியில் பார்த்து அந்தப் பலகையில் எழுதுவது என் வேலை. முதல் ஆள் பிழைத்தார். இரண்டாவது ஆளும் பிழைத்தார். எண் தொண்ணூற்றிரண்டு என்று எழுதும்போது நர்ஸுகள் கைதட்டினார்கள்.

மூன்றாம் முறைக்கு முந்தின மாலை. செல்வநாயகி, ஏழு. மருதாசலம், பதினொன்று.

செல்வநாயகி சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் தொழிலாளி. நாற்பது வயது இருக்கும். கணவர் இல்லை, பத்தாவது படிக்கும் மகள் ஒருத்தி. அடுத்த முறை அவளுக்குத்தான், அதில் சந்தேகமே இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு எண் இறங்குகிறது என்று வைத்தால், மருதாசலத்தின் முறை வரும்போது அவனுக்கு ஏழு இருக்கும். காகிதத்தில் போதும்.

ஆனால் பெரியநாயகத்துக்குப் பன்னிரண்டு இருந்தது. பன் வருவதற்குள் பூஜ்யம் ஆனது. நான் பலகை முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. ஒரு பக்கம் அவன் கட்டிலில் உட்கார்ந்து, பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் போன் ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். இன்னொரு பக்கம் அவள் மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் பேனா இருந்தது. நான் எழுதுவதைச் சரிபார்க்க அந்த ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை.

மருதாசலம், ஏழு என்று எழுதினேன். செல்வநாயகி, பதினொன்று.

காலையில் அவனைத் தள்ளுகட்டிலில் ஏற்றினார்கள். பலகையைப் பார்த்தான். குனிந்து தன் ஜாக்கெட்டைப் பார்த்தான்.

"அக்கா. இதுல பத்துன்னு காட்டுதே?"

"அந்த டிஸ்பிளே சரியில்ல. தப்பாக் காட்டும்."

டயலைப் பார்த்து அளவு சொல்வதில் அவன் யார் சொன்னதையும் நம்பியதில்லை. பட்டறையில் இருந்த பத்துப் பேரும் அளந்த பிறகு தானும் ஒரு முறை அளப்பான். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையணையில் சாய்ந்தான்.

"நீ சொன்னா சரிதான்" என்றான். "சாயங்காலம் வரும்போது எனக்கு ரெண்டு தேங்காய் பன் வாங்கிட்டு வா. பெரியநாயகத்துக்கும் சேத்து நானே தின்னுடறேன்."

அவன் பம்ப்பை நிறுத்தியபோது மணி காலை எட்டு. எந்திரம் அவன் ரத்தத்தை ஓட்டியது. நான் கண்ணாடிக்கு வெளியே நின்று என் மடிக்கணினியில் அவன் கலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்கு ஒன்றும் அசையவில்லை. பன்னிரண்டரைக்குப் பதினெட்டு. சரி, ஏறுகிறது என்று நினைத்தபோது வார்டிலிருந்து ஒரு பெண்பிள்ளையின் அலறல் கேட்டது.

செல்வநாயகியின் எண் பூஜ்யம் என்று என் திரையின் மூலையில் மின்னிக்கொண்டிருந்தது. நான் பார்க்கவில்லை. அந்த மூலையைப் பார்க்காமல் இருக்கத்தான் காலையிலிருந்து முயன்றுகொண்டிருந்தேன்.

நான் ஓடிப் போனபோது நஸீமா அவள் கட்டிலில் மண்டியிட்டு இருந்தார். "பதினொண்ணு இருந்துச்சே! பதினொண்ணு இருந்துச்சே!" என்று அவர் கத்தியது இப்போதும் என் காதில் இருக்கிறது. மகள் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நெஞ்சை அழுத்தப் போன நஸீமா சட்டென்று நின்றார். செல்வநாயகியின் கழுத்தில் விரலை வைத்தார். பிறகு மணிக்கட்டில். பிறகு மறுபடி கழுத்தில்.

"யாரும் தொடாதீங்க" என்றார் மெதுவாக. "நாடி இருக்கு."

பதினான்கு மாதமாக நாடி இல்லாதவளுக்கு நாடி வந்திருந்தது. செல்வநாயகி கண்ணைத் திறந்து, "ஏனுங்க எல்லாரும் நிக்கறீங்?" என்றாள்.

நஸீமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "பதினாலு மாசமா பம்ப்தான் வேலை செஞ்சுது. இதயம் சும்மா இருந்துச்சு, தமயந்தி. ஓய்வு கிடைச்சதுல தசை தேறியிருக்கு. எப்பவாச்சும் சிலருக்கு இப்படி ஆகும்னு படிச்சிருக்கேன். ஆனா பம்ப்ப நிறுத்திப் பாக்க யாருக்குத் துணிச்சல் வரும்? பம்ப்புலயே வால்வு இருக்கறதால ரத்தம் திரும்பியும் வரல." அவர் சிரித்தார், அழுதார். "உங்க கலத்துக்கு லீவு, இவ இதயத்துக்கு டூட்டி. பாருங்க, பதினோரு மணி நேரம் தாங்கிருவா."

என் மனதில் அப்போது என்ன ஓடியது என்று மறைக்காமல் சொல்கிறேன். தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். அவளும் பிழைத்தாள், அவனும் பிழைப்பான், பலகையை அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேங்காய் பன் எங்கே கிடைக்கும் என்று ஒரு நர்ஸிடம் கேட்டேன்.

மூன்று நாற்பதுக்கு எந்திரக் குழாயில் உருவான ரத்தக் கட்டி ஒன்று மருதாசலத்தின் மூளைக்குப் போனது. முதல் இரண்டு பேருக்கு அப்படி ஆகவில்லை. ஏன் அவனுக்கு என்றால் காரணம் கிடையாது. குழாய் வழியாக ரத்தம் ஓடினால் நூறில் சிலருக்கு ஆகும். நஸீமாவும் இன்னும் நான்கு டாக்டர்களும் இரண்டு மணி நேரம் போராடினார்கள். அவன் கலம் தொண்ணூற்றொன்றைத் தொட்டபோது அவன் இல்லை.

மிச்சமிருந்த இரண்டு பேரை நஸீமா எந்திரத்தில் இணைக்கவே இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, பம்ப்பை நிறுத்தினார். இரண்டு இதயமும் தாமாகத் துடித்தன. முன்பே பிழைத்த இருவரின் இதயமும் அப்படித் தேறியிருந்ததைப் பின்னால் சோதித்துப் பார்த்தார். ஐந்து பேர் பிழைத்தார்கள். என் தம்பி எந்திரத்துக்கு முதலில் போனதால்தான் செல்வநாயகி காத்திருக்க நேர்ந்தது, அவள் காத்திருந்ததால்தான் வழி தெரிந்தது என்று எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நான் தலையை ஆட்டினேன்.

பத்து நாள் கழித்து நஸீமா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பிரேதப் பரிசோதனை அறிக்கை அவர் கையில் இருந்தது. "இத உங்ககிட்ட சொல்லணுமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். உங்க தம்பி இதயம் நல்லா இருந்துச்சு. அஞ்சு பேர விடவும் நல்லா."

பம்ப் இல்லாமலே காலம் தள்ளும் அளவுக்கு யார் இதயமும் இன்னும் தேறவில்லை; வருடத்துக்கு ஒரு நாள் கலத்துக்கு ஓய்வு வேண்டும் என்று முடிவானது. எந்த நாள் என்று ஐந்து பேரிடமும் கேட்டோம். ஐந்து பேரும் ஆயுத பூஜை என்றார்கள், வேறென்ன சொல்வார்கள்? அந்த ஐப்பசியில் ஆஸ்பத்திரியின் ஒரு கூடத்தில் ஐந்து கட்டில் போட்டோம். சூசைராஜ் சந்தனக் கிண்ணத்தோடு வந்து எந்திரங்களுக்கு வைத்தார். வைத்துவிட்டு, தயங்கித் தயங்கி, ஐந்து பேரின் ஜாக்கெட்டுக்கும் வைத்தார். பொரி, கடலை, வெல்லம் எல்லாம் இருந்தன. நான் ஒரு வாய் போடவில்லை.

செல்வநாயகியின் கட்டில் ஜன்னலோரம். அவளைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். மகளை வெளியே பொரி வாங்கிக்கொள்ள அனுப்பினேன்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். "அன்னிக்குப் பலகையில உங்க எண்ணையும் என் தம்பி எண்ணையும் நான் மாத்தி எழுதினேன். உங்களுக்குத்தான் ஏழு. அவனுக்குப் பதினொண்ணு. முறை உங்களோடது."

வெளியே யாரோ ஆம்புலன்ஸுக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதையே பார்த்தாள்.

"ஜாக்கெட்டுல ஏழுன்னு நானும் பாத்தனுங்க" என்றாள். "பலகையில பதினொண்ணு இருந்துச்சு. படிச்சவங்க எழுதினாச் சரியாத்தான் இருக்கும்னு பேசாம படுத்துட்டனுங்க."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எம்பட புள்ள அன்னிக்கு என் காலப் புடிச்சுட்டு அழுதா. இன்னமும் தூக்கத்துல கத்தறாளுங்க."

"தெரியும்."

"என்ன தெரியும் உங்களுக்கு?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. என் பக்கம் திரும்பினாள். "உங்க தம்பியப் போடாம என்னைய அந்த மெசினுல போட்டிருந்தா, அவரு பம்ப்பு பாதியில நின்னிருக்கலாம். அப்ப அவரு நெஞ்சு தானா துடிச்சிருக்குமாங்க?"

இந்தக் கேள்வியை நான்கு மாதமாக நான் தினமும் என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"துடிச்சிருக்கும்" என்றேன். "டாக்டர் பாத்துட்டுச் சொன்னாங்க. உங்க அஞ்சு பேர விடவும் நல்லா துடிச்சிருக்கும்."

அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. திட்டவும் இல்லை. "சுவிட்ச நிறுத்துங்" என்றாள்.

நிறுத்தினேன். சூசைராஜ் நோட்டைத் தேடினார். அது பழக்கத்தில் சரஸ்வதி படத்துக்கு முன்னால், சந்தனம் வைத்து, மற்ற நோட்டுகளோடு அடுக்கியிருந்தது. எடுக்கலாமா வேண்டாமா என்று அவர் என்னைப் பார்த்தார். "எடுங்க. இனிமே அந்த நோட்டு பூஜைக்குப் போகாது" என்றேன். எடுத்து வந்து, நிறுத்திய நேரத்தை எழுதச் சொல்லி என்னிடம் பேனாவை நீட்டினார்.

செல்வநாயகி கையை நீட்டி அந்தப் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க எழுத வேண்டாமுங்க" என்றாள். நோட்டை மடியில் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஜாக்கெட்டின் எண்ணைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். பிறகு இடது கையை என் பக்கம் நீட்டினாள்.

"நாடியப் புடிச்சு எண்ணுங். சத்தமா எண்ணுங். நான் எழுதிக்கறேன்."

அவள் மணிக்கட்டில் விரலை வைத்தேன். முதலில் ஒன்றும் தட்டுப்படவில்லை. அப்புறம் வந்தது.

"ஒண்ணு" என்றேன்.